பத்து நிமிடக் கெடு

2003 பிப்ரவரி 1. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ரோஜர்ஸ் கணவாயை ஒட்டிய கானாட் ஓடைப் பள்ளத்தாக்கு. கால்கரி பக்கத்துப் பள்ளி ஒன்றின் பத்தாம் வகுப்பு மாணவர்கள் 14 பேரும் பெரியவர்கள் 3 பேரும் ஸ்கீ கட்டிக்கொண்டு பனியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நண்பகலை நெருங்கும்போது கீயாப்ஸ் மலையின் வடமுகத்தில் பனி உடைந்தது. கீழே இருந்த 17 பேரும் அதில் சிக்கினார்கள்.

அதே பள்ளத்தாக்கில் கொஞ்சம் தள்ளி இரண்டு மலை வழிகாட்டிகள் இருந்தார்கள். அன்று அவர்களுக்கு வேலை நாள் அல்ல, தங்கள் விருப்பத்துக்குச் சறுக்க வந்தவர்கள். சரிவு இறங்குவதைப் பார்த்துக் கூவினார்கள். பனி நின்றதும் ஓடி வந்து, கையிலிருந்த கருவியால் தேடி, மண்வெட்டியால் தோண்டத் தொடங்கினார்கள். வெளியே எடுக்கப்பட்டவர்களில் மூச்சு திரும்பியவர்களும் அவர்களோடு சேர்ந்து தோண்டினார்கள். ஏழு மாணவர்கள் இறந்தார்கள். பத்துப் பேர் பிழைத்தார்கள். ஹெலிகாப்டரில் மீட்புக் குழு வந்து இறங்குவதற்கு முன்பே, யார் பிழைப்பார்கள் என்பது பெரும்பாலும் முடிவாகிவிட்டிருந்தது.

இதே கணவாய் 93 ஆண்டுகளுக்கு முன் வேறொரு விபத்தைக் கண்டது. 1910 மார்ச் 4 இரவு, கீயாப்ஸ் மலையிலிருந்து விழுந்து தண்டவாளத்தை மூடிக் கிடந்த பனியைக் கனடிய பசிபிக் ரயில்வே தொழிலாளர்கள் அகற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போது எதிர்ப்பக்கத்து மலையிலிருந்து இரண்டாவது சரிவு அவர்கள்மேல் இறங்கியது. 58 பேர் செத்தார்கள். அவர்களில் 32 பேர் ஜப்பானிலிருந்து பிழைப்புக்கு வந்த கூலிகள். ரெவல்ஸ்டோக் நகரத்திலிருந்து நூற்றுக்கணக்கானோர் மருத்துவர்களோடும் செவிலியர்களோடும் சிறப்பு ரயிலில் விரைந்தார்கள். தோண்டத் தோண்டச் சடலங்கள்தான் கிடைத்தன.

1910இல் மனமும் ஆள்பலமும் தாராளமாக இருந்தன, நேரம்தான் இல்லை. 2003இல் இருந்தது இரண்டே ஆட்கள். ஆனால் அவர்கள் பக்கத்தில் இருந்தார்கள், எங்கே தோண்ட வேண்டும் என்று காட்டும் கருவியும் வைத்திருந்தார்கள். மீட்பு வேலை ஊராரிடமிருந்தும் படையிடமிருந்தும் கைமாறி, கூட வந்தவர் கைக்கு வந்து சேர்ந்த கதை இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் இருக்கிறது.

துறவிகள், நாய்கள், சிவப்புக் கயிறு

ஆல்ப்ஸ் மலையில் பனிச்சரிவு மீட்புக்குப் பெயர்போன முதல் இடம் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே, ஏறக்குறைய 2,470 மீட்டர் உயரத்தில், 11ஆம் நூற்றாண்டில் துறவிகள் அங்கே ஒரு சத்திரம் கட்டினார்கள். வியாபாரிகளும் யாத்திரிகர்களும் அந்த வழியாகத்தான் மலையைக் கடந்தார்கள். வழி தவறியவர்களைத் தேடத் துறவிகள் நாய்களோடு கிளம்பினார்கள். அவற்றில் புகழ்பெற்ற பாரி என்ற நாய் 1800 முதல் 1814 வரை வாழ்ந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை அது காப்பாற்றியதாகச் சொல்வார்கள். அதன் பாடம் செய்யப்பட்ட உடலை பெர்ன் நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். கழுத்தில் பிராந்திப் பீப்பாய் தொங்கும் படம் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அதைப் பரப்பியது 1820இல் எட்வின் லாண்ட்சீர் என்ற ஆங்கில ஓவியர் தீட்டிய ஓவியம். நாய்கள் பீப்பாய் எதையும் சுமக்கவில்லை.

அந்தக் காலத்தில் பனிச்சரிவு என்பது வழிப்போக்கர்களுக்கும் மலைக்கிராமத்தாருக்கும் நேரும் விதி. யாரும் அதைத் தேடிப் போகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நார்வேயிலிருந்து ஸ்கீ ஆல்ப்ஸுக்கு வந்ததும் நிலைமை மாறியது. குளிர்காலத்தில் மலைப்பக்கமே தலைவைத்துப் படுக்காத மக்களின் பிள்ளைகள், பொழுதுபோக்குக்காகப் பனிச்சரிவுப் பாதைக்குள் நுழைந்தார்கள்.

அவர்களுக்காக உருவான முதல் கருவி ஒரு கயிறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவேரியாவைச் சேர்ந்த மலையேறி ஓய்கன் எர்ட்டெல் இந்த யோசனையைச் சொன்னார். சுமார் 20 மீட்டர் நீளமுள்ள மெல்லிய சிவப்புக் கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டி, மீதியைப் பின்னால் இழுபடவிட வேண்டும். ஆள் புதைந்தாலும் கயிற்றின் ஏதாவது ஒரு பகுதி பனிக்கு மேலே தெரியும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஆளை அடையலாம் என்பது கணக்கு. எந்தப் பக்கம் ஆள் இருக்கிறார் என்று காட்டக் கயிற்றில் அம்புக்குறிகளும் பதித்தார்கள். ஆனால் பல தடவை ஆளோடு கயிறும் புதைந்துபோனது. அப்படியும் அரை நூற்றாண்டுக்கு மேல் அதைவிட மேலான ஒன்று கிடைக்கவில்லை.

முதல் உலகப் போர் இந்தக் கதையின் மிகக் கொடூரமான அத்தியாயம். இத்தாலியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் டோலமைட் மலைகளில் பனிக்குள் பாசறை அமைத்து மோதின. 1916 டிசம்பர் 13 அன்று மார்மோலாடா மலையில், கிரான் போஸ் என்ற இடத்திலிருந்த ஆஸ்திரிய-ஹங்கேரியப் பாசறைமேல் சரிவு விழுந்து சுமார் 270 வீரர்கள் மாண்டார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் ஆல்ப்ஸ் பனிச்சறுக்கின் முன்னோடியான மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி, புதைந்த வீரர்களை மீட்கப் போய்த் தானும் சரிவில் மாட்டினார். உடம்பில் சுமார் எண்பது முறிவுகள். பிழைத்து, மறுபடி நடந்து, 1940 வரை வாழ்ந்தார். மீட்கப் போனவர்மேலேயே அடுத்த சரிவு விழும் ஆபத்துக்கு அவர் உடம்பே சாட்சி.

நாய்கள் முறையாக வேலைக்கு வந்தது தற்செயலாகத்தான். 1937-38 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் ஷில்ட்ஹார்ன் மலைப் பகுதியில், புதைந்த ஒருவரைக் குழுவினர் கம்பியால் குத்திக் குத்தித் தேடியும் காணவில்லை. கூட வந்த ஒரு கலப்பின நாய் ஓரிடத்தில் நின்று நகர மறுத்தது. அங்கே தோண்டியபோது ஆள் உயிரோடு இருந்தார். அதைப் பார்த்தபின் சுவிஸ் ராணுவம் 1940 வாக்கில் அல்சேஷன் நாய்களுக்குப் பயிற்சி தொடங்கியது. ஒரு ஹெக்டேர் பரப்பை 20 பேர் கம்பியோடு வரிசையாக நின்று மேலோட்டமாகத் தேட நாலு மணி நேரம் ஆகும். ஒரு நாய்க்கு அரை மணி போதும். ஆனால் அந்த நாய் மலையடிவாரத்திலிருந்து வந்து சேர வேண்டுமே.

டாவோஸும் ஆல்டாவும்

1936இல் டாவோஸ் நகருக்கு மேலே, வைஸ்ஃப்ளூயோக் என்ற இடத்தில் சுவிஸ் விஞ்ஞானிகள் சிறியதொரு பனி ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். பின்னாளில் உலகின் முதன்மையான பனிச்சரிவு ஆராய்ச்சி நிறுவனமாக அது வளர்ந்தது. பனிச்சரிவு எங்கே எப்படிப் பிறக்கிறது என்பது மெல்ல மெல்லத் தெளிவானது. ஸ்கீக்காரர்களைக் கொல்வது பெரும்பாலும் பாளச் சரிவு. காற்று அடித்துச் சேர்த்த இறுகிய பனிப்பாளம் மேலே இருக்கும். அதன் அடியில் சர்க்கரைப் பரல்களாக உதிரும் பலவீனமான அடுக்கு இருக்கும். 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவில் ஒரு ஆளின் எடை அந்த அடுக்கை நொறுக்கினால் போதும், மொத்தப் பாளமும் அவர் காலடியிலிருந்து கிளம்பிவிடும். உயிர்ப்பலி நேரும் விபத்துகளில் பெரும்பாலானவற்றில் சரிவைக் கிளப்பியது அதில் சிக்கியவரோ அவர் குழுவினரோதான்.

1950-51 குளிர்காலம் ஆல்ப்ஸை உலுக்கியது. ஊர்கள் புதைந்தன, சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேரும், ஆல்ப்ஸ் முழுக்க 265 பேருக்குமேலும் இறந்தார்கள். அதன்பின் அரசுகள் மலைச்சரிவுகளில் இரும்புத் தடுப்புகள் நட்டன, காடு வளர்த்தன, ஆபத்தான இடங்களில் வீடு கட்டத் தடை போட்டன. கிராமத்தார் சாவது வெகுவாகக் குறைந்தது. ஸ்கீக்காரர்கள் சாவது குறையவில்லை. அவர்கள்தான் தடுப்புக்கு அப்பால் போகிறவர்களாயிற்றே.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதற்கு ஈடான இடம் யூட்டா மாநிலத்தின் ஆல்டா. வெள்ளிச் சுரங்க ஊர் ஸ்கீ ரிசார்ட்டாக மாறிய இடம் அது. இரண்டாம் உலகப் போரில் மலைப்படையில் இருந்த மான்டி அட்வாட்டர் போர் முடிந்ததும் அங்கே அமெரிக்க வனத்துறை வேலையில் சேர்ந்தார். சரிவு தானாக விழும்வரை காத்திருக்காமல் வெடிவைத்தும் பீரங்கியால் சுட்டும் முன்கூட்டியே இறக்கிவிடும் முறையை அமெரிக்காவில் நிலைநாட்டியவர் அவர். டாவோஸில் படித்துவிட்டு வந்த எட் லாஷப்பல் 1950களில் அவரோடு சேர்ந்துகொண்டார். ரிசார்ட் எல்லைக்குள் இந்த முறை பலித்தது. எல்லையைத் தாண்டி ஆளில்லாச் சரிவுகளுக்குப் போகிறவர்களுக்கு யார் பீரங்கி சுடுவார்கள்? அவர்களிடம் அப்போதும் சிவப்புக் கயிறுதான் இருந்தது.

காதில் கேட்கும் துடிப்பு

1968இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், கார்னெல் ஏரோநாட்டிகல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் லாட்டன் என்ற பொறியாளர் அந்தக் கயிற்றுக்கு மாற்று கண்டார். கைக்கு அடக்கமான பெட்டி, உள்ளே கம்பிச்சுருள். சறுக்கும்போது அது விட்டுவிட்டு ஒரு காந்தத் துடிப்பை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால், மற்றவர்கள் தங்கள் பெட்டியைக் கேட்கும் நிலைக்கு மாற்றி, காதில் ஒலிப்பானை வைத்துக்கொண்டு தேட வேண்டும். அவர் தேர்ந்தெடுத்த 2.275 கிலோஹெர்ட்ஸ் மனிதக் காது கேட்கக்கூடிய வீச்சுக்குள் இருந்ததால், வாங்கிய துடிப்பை அப்படியே ஒலியாக்கிவிட முடிந்தது. ஒலி பெருகினால் நெருங்குகிறோம், தேய்ந்தால் விலகுகிறோம். ஸ்காண்டிநேவியப் பனித் தெய்வமான ஸ்காடியின் பெயரோடு 1971இல் அது விற்பனைக்கு வந்தது.

இந்தப் பெட்டியின் பெரிய புதுமை மின்னணுவியலில் இல்லை. குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் தேடப்படுபவராகவும் தேடுபவராகவும் ஆனதுதான் புதுமை. என்னைக் காப்பாற்றும் கருவி என் பையில் இல்லை, உன் பையில் இருக்கிறது. உனக்கு அதைப் பயன்படுத்தத் தெரியாவிட்டால் என் விலை உயர்ந்த கருவியால் எனக்கு ஒரு பயனும் இல்லை.

ஆனால் ஐரோப்பா வேறு வழியில் போனது. சுவிஸ் ராணுவத்துக்காக ஆட்டோஃபோன் நிறுவனம் உருவாக்கிய கருவி 457 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்தது. பழைய செயின்ட் பெர்னார்ட் நாயின் நினைவாக அதற்கு பாரிவாக்ஸ் என்று பெயர். உயர்ந்த அலைவரிசையில் எட்டும் தூரம் அதிகம். ஆக, அமெரிக்கர் ஒருவரும் சுவிஸ்காரர் ஒருவரும் சேர்ந்து மலையேறினால், இருவரிடமும் கருவி இருந்தும் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது. இரண்டு அலைவரிசையிலும் பேசும் கருவிகள் கொஞ்ச காலம் பாலமாக இருந்தன. 1980களின் நடுவில் 457 கிலோஹெர்ட்ஸை உலகத் தரமாக ஏற்றார்கள். வட அமெரிக்கா பழையதை முழுக்கக் கைவிட 1990களின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

ஒலி கேட்டுத் தேடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. கைதேர்ந்தவருக்கு அது சில நிமிட வேலை. பதற்றத்தில் இருக்கும் புதியவருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சத்தம்தான். காந்தப்புலக் கோடுகள் நேராக ஓடாமல் வளைந்து வருவதால், கருவி காட்டும் வழியும் வளைந்தே போகும். 1997இல் அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள பேக்கன்ட்ரி ஆக்ஸஸ் நிறுவனம் டிராக்கர் என்ற டிஜிட்டல் கருவியைக் கொண்டுவந்தது. இரண்டு ஆன்டெனாக்கள் வாங்கும் சமிக்ஞைகளை ஒப்பிட்டுத் திசையை விளக்காலும் தொலைவை எண்ணாலும் அது காட்டியது. பின்னர் வந்த மூன்று ஆன்டெனாக் கருவிகள் ஆழமாகப் புதைந்தவர்களைத் தேடும்போது ஏற்பட்ட குழப்பத்தையும் குறைத்தன.

வளைகோடு சொன்ன சேதி

எவ்வளவு வேகமாகத் தோண்டினால் போதும்? 1994 வரை இதற்கு உறுதியான பதில் இல்லை. அந்த ஆண்டு தெற்கு டிரோலைச் சேர்ந்த மருத்துவர் ஹெர்மன் புரூகரும் புள்ளியியலாளர் மார்க்குஸ் ஃபால்க்கும் சகாக்களோடு ‘நேச்சர்’ இதழில் ஒரு வளைகோட்டை வெளியிட்டார்கள். 1981 முதல் 1991 வரை சுவிட்சர்லாந்தில் புதைந்த 422 ஸ்கீக்காரர்களின் விவரங்களை வைத்து வரைந்தது அது. முதல் 15 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் 92 சதவீதம் பேர் பிழைத்தார்கள். 35 நிமிடம் ஆனபோது அது 30 சதவீதமாகச் சரிந்தது.

நடுவில் நடப்பது மூச்சுத்திணறல். சரிவு நின்ற கணமே பனி சிமென்டுபோல் இறுகிவிடுகிறது. விரலைக்கூட அசைக்க முடியாது. வாய்க்கு முன்னால் இருக்கும் கொஞ்சம் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்து விட, கரியமில வாயு சேருகிறது. மூச்சின் ஈரம் பனியில் பட்டு உறைந்து, முகத்தைச் சுற்றிக் காற்றுப் புகாத ஓடாகிறது. மூக்குக்கும் வாய்க்கும் முன்னால் இடைவெளி கிடைத்த சிலர் மட்டும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாக்குப்பிடிக்கிறார்கள். மேற்குக் கனடாவில் 1984 முதல் 2005 வரை நேர்ந்த சாவுகளை ஆராய்ந்தபோது, முக்கால்வாசிப் பேர் மூச்சுத்திணறியும் ஏறத்தாழ கால்வாசிப் பேர் மரத்திலும் பாறையிலும் மோதிய காயங்களாலும் இறந்தது தெரிந்தது. குளிரால் விறைத்துச் செத்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான்.

அந்த வளைகோட்டின் இரண்டு முனைகளுக்கும் இரண்டு இளவரசர்களின் கதை பொருந்தும். 1988 மார்ச் 10 அன்று சுவிட்சர்லாந்தின் குளோஸ்டர்ஸில், இன்றைய பிரிட்டன் மன்னர் சார்ல்ஸ் சறுக்கிக்கொண்டிருந்த குழுவில் இருவரைச் சரிவு அடித்துச் சென்றது. வழிகாட்டி புரூனோ ஸ்பிரெக்கர் உடனே இறங்கிப் போய், புதைந்த பெண்ணைக் கண்டுபிடித்து வாயோடு வாய் வைத்து மூச்சூட்டினார். சார்ல்ஸும் சேர்ந்து தோண்டினார். கால்கள் நொறுங்கியிருந்தும் அந்தப் பெண் பிழைத்தார். அரச பணியாளரான மேஜர் ஹியூ லிண்ட்சே அங்கேயே இறந்தார். 2012 பிப்ரவரி 17 அன்று ஆஸ்திரியாவின் லெக்கில் நெதர்லாந்து இளவரசர் ஃபிரிசோ புதைந்தார். அவரிடம் கருவி இருந்தது, ஆளையும் கண்டுபிடித்துவிட்டார்கள்; ஆனால் எடுக்கும்போது ஏறக்குறைய 25 நிமிடம் ஆகியிருந்தது. நெடுநேரம் போராடி இதயத்தை இயக்கினார்கள், நினைவு மட்டும் சரியாகத் திரும்பவேயில்லை. 2013 ஆகஸ்டில் இறந்தார்.

வளைகோடு வந்தபிறகு எல்லாருடைய கவனமும் மண்வெட்டி பக்கம் திரும்பியது. மீட்பு மூன்று கட்டமாக நடக்கிறது: கருவியால் நெருங்குவது, நீண்ட மடக்குக் கம்பியைக் குத்தி இடத்தை உறுதி செய்வது, தோண்டுவது. மூன்றில் அதிக நேரம் தின்பது கடைசி வேலை. ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை எடுக்க ஒரு டன்னுக்கும் மேல் பனியை அப்புறப்படுத்த வேண்டியிருக்கும். கம்பி நிற்கும் இடத்திலேயே நேராகக் குழி பறித்தால், தோண்டுகிறவரே புதைந்தவரின் மேல் நின்று அவருடைய காற்றிடைவெளியை மிதித்து நசுக்குவார். அதனால் சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளி நின்று, பக்கவாட்டில் குடைந்து போக வேண்டும். சுவிஸ் மீட்பு நிபுணர் மானுவேல் கென்ஸ்வைன், ஆட்களை V வடிவத்தில் நிறுத்திப் பனியைக் கைக்குக் கை பின்னே தள்ளும் முறையை வகுத்தார். முன்னால் நிற்பவர் களைக்குமுன் அணி சுழன்று இடம் மாறும்.

புதையாமலே இருந்துவிட்டால்? ஜெர்மானிய வனக்காவலர் யோசஃப் ஹோஹெனெஸ்டர், வேட்டையாடிய மானை முதுகில் சுமந்து வந்தபோது சரிவில் மாட்டியும் மேலேயே மிதந்ததைக் கவனித்தார். ஓடும் பனியில் பெரிய கட்டிகள் மேலேயும் சிறியவை கீழேயும் ஒதுங்கும். உருவம் பெருத்தால் ஆளும் மேலே வருவார். அவருடைய காப்புரிமையை 1980இல் பீட்டர் ஆஷவர் வாங்கினார். இழுத்தால் ஊதிக்கொள்ளும் காற்றுப்பை முதுகுப்பையாக 1985இல் அறிமுகமானது. 2014இல் வெளியான ஆய்வொன்றின்படி, சரிவில் சிக்கியவர்களில் ஊதிய பை இருந்தால் சாவு விகிதம் 22இலிருந்து 11 சதவீதமாகக் குறைகிறது. பாதி உயிரைக் காக்கிறது. மீதிப் பாதியை அதுவும் காப்பதில்லை.

யானைக்கும் அடி சறுக்கும்

கருவிகள் இப்படிப் பெருகிக்கொண்டிருக்கையில், 2000களின் தொடக்கத்தில் இயன் மெக்கமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வேறு கேள்வியை எடுத்தார். விவரம் தெரிந்தவர்கள் ஏன் சாகிறார்கள்? 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் நடந்த 715 விபத்துகளை அலசினார். அறிகுறிகள் பளிச்சென்று தெரிந்த இடங்களில், பயிற்சி பெற்றவர்கள் இருந்த குழுக்களும் மாட்டியிருந்தன. பழகிய சரிவு என்ற தைரியம், கிளம்பியாயிற்று இனி திரும்புவதா என்ற வீம்பு, மற்றவர் மெச்ச வேண்டும் என்ற ஆசை, குழுவில் கெட்டிக்காரர் இருக்கிறார் அவருக்குத் தெரியாததா என்ற நம்பிக்கை, புதுப்பனியை வேறு யாரும் மிதிப்பதற்கு முன் நாம் போய்விட வேண்டும் என்ற அவசரம் - இவை மனிதர்களை அந்தச் சரிவுகளுக்குள் இழுத்ததை அவர் பட்டியலிட்டார்.

அவர் சொன்னதற்கு உரைபோல அமைந்தது வாஷிங்டன் மாநிலத்தின் டனல் கிரீக். 2012 பிப்ரவரி 19 அன்று ஸ்டீவன்ஸ் பாஸ் ரிசார்ட்டின் பின்பக்கச் சரிவில் 16 பேர் கூடினார்கள். தொழில்முறைச் சறுக்கு வீரர்கள், ஸ்கீ இதழ்க்காரர்கள், ரிசார்ட் அலுவலர், அந்த மலையைப் பல ஆண்டுகளாக அறிந்த உள்ளூர்க்காரர்கள் எனத் தேர்ந்த கூட்டம். கூட்டம் பெரிதாக இருந்ததாலேயே, வேண்டாம் என்று சொல்ல நினைத்தவர் வாய் திறக்கவில்லை. மூன்று பேர் இறந்தார்கள். அடித்துச் செல்லப்பட்ட வீராங்கனை ஒருவர் காற்றுப்பையால் உயிர் தப்பினார். ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் இதைப் பற்றி ஜான் பிராஞ்ச் எழுதிய ‘ஸ்னோ ஃபால்’ கட்டுரை 2013இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1910 மார்ச் 1 அன்று இரண்டு ரயில்களைப் பள்ளத்தில் தள்ளி 96 பேரைக் கொன்ற வெலிங்டன் பனிச்சரிவு நடந்ததும் இதே ஸ்டீவன்ஸ் கணவாய்ப் பகுதியில்தான்.

டனல் கிரீக்குக்கு அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் கசப்பானது. 2013 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் லவ்லண்ட் கணவாய் அருகே, ஷீப் கிரீக் பள்ளத்தில் ஆறு பேர் நடந்து கொண்டிருந்தார்கள். பனிச்சரிவு முன்னறிவிப்பு மையத்துக்கு நிதி திரட்டும் ஒரு கூடுகைக்கு வந்தவர்கள் அவர்கள். எல்லாரிடமும் துடிப்பு அனுப்பும் கருவியான டிரான்ஸீவர் இருந்தது, மண்வெட்டி இருந்தது. அன்றைய எச்சரிக்கையையும் படித்திருந்தார்கள். ஆபத்தான சரிவின் அடிவாரத்தைக் கடந்து எதிரே இருந்த மரக்கூட்டத்துக்குப் போய்விட்டால் போதும் என்று கொஞ்சம் இடைவெளி விட்டு நடந்தார்கள். மேலே முழுச் சரிவும் உடைந்து ஆறு பேரையும் ஒன்றாக மூடியது. ஐந்து பேர் இறந்தார்கள். ஒருவருடைய கை மட்டும் அசைந்தது. முகத்துக்கு முன்னால் இருந்த பனியைத் தள்ளிவிட்டு, சுமார் நாலு மணி நேரம் கழித்து மீட்புக் குழு வரும்வரை அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தோழர் மீட்புக்கு முதல் தேவை, வெளியே நிற்கும் ஒரு தோழர். ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும், மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற பழைய விதியை எந்தக் கருவியாலும் மாற்ற முடியவில்லை.

கனடா தன் விபத்துகளிலிருந்து கற்ற பாடத்தைச் சட்டமாக்கியது. 2002-03 குளிர்காலத்தில் அங்கே 29 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். கானாட் ஓடை விபத்துக்கு 12 நாள் முன்புதான், ஸ்னோபோர்டு உலகின் நாயகன் கிரெய்க் கெல்லி உட்பட ஏழு பேரை இன்னொரு சரிவு கொன்றிருந்தது. 2004இல் தேசிய அளவில் பனிச்சரிவு மையம் உருவானது. தேசியப் பூங்காக்களின் மலைப்பாதைகளை எளிது, சவாலானது, சிக்கலானது என்று மூன்றாகத் தரம் பிரித்தார்கள். பள்ளிக் குழுக்களைச் சிக்கலான நிலப்பரப்புக்குள் அழைத்துச் செல்ல இப்போது அனுமதி இல்லை.

குல்மார்க் வரை

இமயமலையில் இந்தக் கதைக்கு ராணுவச் சாயல் அதிகம். 2010 பிப்ரவரி 8 அன்று காஷ்மீரின் குல்மார்க் அருகே கிலன்மார்க்கில் இந்திய ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியின் வீரர்கள் 17 பேர் பயிற்சியின்போது சரிவில் இறந்தார்கள். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரத்தில் சோனம் காவல் நிலை புதைந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் உள்ளே இருந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தது நாட்டையே வியக்கவைத்தது. பிப்ரவரி 11இல் டெல்லி மருத்துவமனையில் அவரும் இறந்தார்.

குல்மார்க்கின் கோண்டோலா கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் 2005இல் திறக்கப்பட்டபின், அஃபர்வத் மலையின் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்துக்குச் சில நிமிடங்களில் போய்விடலாம். மேலே இறங்கியவர் வலப்பக்கமோ இடப்பக்கமோ கொஞ்சம் நகர்ந்தாலே ரோந்துக் குழு காவல் காக்கும் எல்லை முடிந்துவிடும். 2023 பிப்ரவரி 1 அன்று அங்கே போலந்து நாட்டு ஸ்கீக்காரர்கள் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் இறந்தார்கள்.

புரூகரின் குழு 2024இல் தன் பழைய வளைகோட்டைத் திருத்தி வெளியிட்டது. சுவிட்சர்லாந்தில் 1981 முதல் 2020 வரையிலான விபத்துகளை எடுத்துக்கொண்டு பார்த்தபோது, புதைந்தவர்களில் பிழைப்போர் விகிதம் 43.5 சதவீதத்திலிருந்து 53.4 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. தோழர்கள் தோண்டி எடுக்கும் நேரம் 15 நிமிடத்திலிருந்து 10 ஆகக் குறைந்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் குழுவுக்கு ஆகும் நேரமும் 153 நிமிடத்திலிருந்து 90 ஆகியிருக்கிறது. ஆனால் பிழைக்கும் வாய்ப்பு பெரிதாக இருக்கும் அந்த முதல் கட்டம், முன்பு கணக்கிட்டதுபோல 18 நிமிடம் நீள்வதில்லை. பத்து நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இன்று குல்மார்க்குக்குப் பனிச்சறுக்குக் கற்கப் போகும் இளைஞர்கள் அதிகமாகி வருகிறார்கள். ரிசார்ட் தடத்தைத் தாண்டிப் போக ஆசைப்படுகிறவர்கள், கிளம்புமுன் டிரான்ஸீவர், தேடு கம்பி, மண்வெட்டி மூன்றும் குழுவில் ஒவ்வொருவரிடமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு டிரான்ஸீவரைப் பனியில் புதைத்துவிட்டு, கூட வருகிறவரைத் தேடச் சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்குள் அவரால் அதைத் தோண்டி எடுக்க முடியவில்லையென்றால், அன்று தடத்துக்குள்ளேயே சறுக்குங்கள்.